52 நிமிடப் படம் 4 நிமிடமான கதை

கடலோர உயிர்கள் பற்றிய ஆவணப்படம் ஒன்றை எட்டாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். 52 நிமிடம். முடிந்து விளக்கைப் போட்டபோது மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பையை மாட்டிக்கொண்டு மணி அடிக்கக் காத்திருந்தார்கள். மற்றவர்கள் "சூப்பர் டீச்சர்" என்றார்கள். மறுநாள், "நேற்று படத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆமை."

"அப்புறம்?"

"நிறைய ஆமை."

இது அந்த ஒரு பாடத்தைப் பழுது பார்த்த பதிவு. ஒரு பருவம் முழுக்க இழுத்தது. கையில் இருந்தது அதே படம், அதே புரொஜெக்டர், அதே பிள்ளைகள். என்னென்ன மாற்றினேன், எது சொதப்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் படத்தின் மேல் பழியைப் போட்டேன். நீளம் அதிகம், பின்னணிக் குரல் வேகம், பேசுவது ஆங்கிலம். அப்புறம் புரொஜெக்டரின் மேல் போட்டேன். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில். படம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். டீச்சரே பார்க்காத படத்தைப் பிள்ளைகள் எதற்குப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்? அவர்களுக்கு அது ஓய்வு நேரம். எனக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கேவ்ரியல் சாலமன் என்ற கல்வி உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிற்பாடு படித்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு ஒரு கதையைப் படமாகக் காட்டினார், இன்னொரு பகுதிக்கு அதையே அச்சில் கொடுத்தார். படம் என்றால் சுலபம் என்ற நினைப்பிலேயே பார்த்தவர்கள் மூளையைக் கசக்கவில்லை. சொல்லாததை ஊகித்துப் பதில் எழுத வேண்டிய கேள்விகளில், படித்தவர்கள்தான் முந்தினார்கள். என் வகுப்பை வந்து பார்த்துவிட்டு எழுதியது போலிருந்தது. 1913-இலேயே எடிசன், பள்ளிகளில் புத்தகத்துக்குச் சீக்கிரம் வேலை இருக்காது, பத்து வருஷத்துக்குள் எல்லாம் மாறிவிடும், படமே பாடம் நடத்தும் என்று அடித்துச் சொன்னார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. நான் இன்னும் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அறையைச் சரிசெய்தது

புரொஜெக்டரால் வெளிச்சத்தை அடிக்க முடியும், இருட்டை அடிக்க முடியாது. இதை நான் யோசித்ததே இல்லை. படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் தெரிவது வெறும் சுவர்தான். ஜன்னல் வெளிச்சம் விழும் சுவர் சாம்பல் என்றால், நம் கறுப்பும் சாம்பல்தான். படத்தில் ஆழ்கடல் காட்சி எட்டு நிமிடம் வரும். அந்த எட்டு நிமிடமும் பிள்ளைகள் பார்த்தது சாம்பல் சுவரை.

கறுப்புத் துணி கட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அறை வெந்துவிட்டது, யாரும் படத்தைக் கவனிக்கவில்லை. துணியை அவிழ்த்துவிட்டுப் படத்தைச் சின்னதாக்கினேன். சினிமா மாதிரி இருக்கட்டும் என்று அதுவரை சுவர் நிறைய அடித்துக்கொண்டிருந்தேன். அகலத்தைப் பாதியாக்கினால் உயரமும் பாதியாகும், பரப்பு நாலில் ஒன்றாகும். அதே வெளிச்சம் நாலில் ஒரு பங்கு இடத்தில் விழுவதால் பிரகாசம் நாலு மடங்கு. ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத மூலைச் சுவரைப் பிடித்து, பெஞ்சுகளை நெருக்கிப் போட்டோம். துணியும் வேண்டாம், விளக்கை அணைக்கவும் வேண்டாம். விளக்கு எரிந்தால் நோட்டில் எழுதலாம் என்ற நன்மை அப்புறம்தான் புரிந்தது.

ஒலி இன்னொரு தொல்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் சத்தம் ஸ்பீக்கரை விட்டுவிட்டு புரொஜெக்டருக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்குப் போய்விடும். அதைவிட அதன் மின்விசிறி உரக்கப் பேசும். கணினியில் ஒலி அமைப்புக்குள் போய், வெளி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் சுவர்கள் உள்ள அறையில் கட்டை ஒலி எதிரொலித்துப் பேச்சை விழுங்கிவிடுகிறது, அதனால் பேஸைப் பாதிக்குக் குறைத்தேன்.

முதல் நாள் இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டியதில் நடுவே விளம்பரம் வந்தது. வகுப்பு முழுக்க விழித்திருந்த ஒரே நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்து முன்கூட்டியே கோப்பாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். வகுப்பில் காட்டலாமா, நறுக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு, உரிமத்துக்கு உரிமம் மாறும். அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த நாலு நிமிடம்?

படத்தை நோட்டும் பேனாவுமாக இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி நேரம் குறித்தேன். நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார். அதை நானே சொல்லிவிடலாம், வெட்டு. உலக வரைபடம் சுழல்கிறது. சுவரில் வரைபடம் தொங்குகிறது, வெட்டு. சூரியன் மறையும் காட்சி, பியானோ. வெட்டு, வெட்டு. வகுப்புக்குள் என்னால் கொண்டுவர முடியாதது எதுவோ, கரும்பலகையில் வரைந்தால் செத்துப்போவது எதுவோ அது மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கடைசியில் 31:20 முதல் 35:20 வரை நின்றது. மணலுக்குள்ளிருந்து ஆமைக்குஞ்சுகள் வெளியே வந்து கடலுக்கு ஓடும் காட்சி.

48 நிமிடம் போயே போச்சு. எடுத்தவர்கள் பார்த்தால் வருத்தப்படுவார்கள். ஆனால் பாடப்புத்தகத்தையும் நாம் ஒரே மூச்சில் அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்து முடிப்பதில்லையே.

நாலு நிமிடத்தையும் ஐந்து இடத்தில் நிறுத்துவதாகத் திட்டம். 2001-இல் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் மின்னல் எப்படி உருவாகிறது என்ற 140 நொடி அசைபடத்தை 16 துண்டாக்கி, பார்ப்பவரே பொத்தானைத் தட்டி அடுத்த துண்டுக்குப் போகும்படி வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஓட்டமாகப் பார்த்தவர்களைவிட அவர்கள் தாங்கள் புரிந்துகொண்டதைப் புதிய கேள்விக்குப் பொருத்திப் பார்ப்பதில் நன்றாகச் செய்தார்கள். சரி, நாமும் துண்டாக்குவோம் என்று இறங்கினேன். முதல் நிறுத்தத்திலேயே வகுப்பு கத்தியது. நண்டு குஞ்சின் காலைப் பிடித்திருக்கிறது, நான் படத்தை நிறுத்திவிட்டு "ஊர்வனவற்றின் பண்புகள் என்ன?" என்று கேட்கிறேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். முதல் தடவை நிறுத்த மாட்டேன், வாய் திறக்க மாட்டேன். இரண்டாம் தடவை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவேன், அவர்களும் "நிறுத்துங்க" என்று கத்தலாம். நாலு நிமிடப் படம் என்பதால் ஒரு பீரியடில் மூன்று தடவை ஓட்டினாலும் பன்னிரண்டு நிமிடம்தான். 52 நிமிடப் படத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது.

கோடிட்ட இடத்தை நிரப்புகிற தாள்

இது சுருக்கமாக: தோல்வி. இருபது கேள்விகள் அச்சடித்துக் கொடுத்தேன். "ஆமை ஒரு தடவைக்கு ____ முட்டைகள் இடும்." பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டு எண் வரும்போது எழுதினார்கள். இருபதுக்கு இருபது வாங்கிய பெண்ணிடம் "குஞ்சு என்ன நிறம்?" என்று கேட்டேன். "பச்சையா டீச்சர்?" என்றாள்.

தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டில் மூன்று பத்தி கோடு போடச் சொன்னேன். பார்த்தது, கேட்டது, நானாக நினைத்தது. இதில் மூன்றாவது பத்திதான் பின்னால் எல்லாவற்றையும் மாற்றியது. "குஞ்சுக்குப் பயம்" என்று ஏறக்குறைய எல்லோரும் முதல் பத்தியில் எழுதியிருந்தார்கள். பயத்தைப் பார்த்தீர்களா, கேட்டீர்களா, நினைத்தீர்களா? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "வேகமா ஓடுச்சு, அதத்தான் பார்த்தோம்" என்றான் ஒருவன். "பயம்ங்கறது மியூசிக்கு."

சப்டைட்டில் போட்ட அனுபவம்

நாலு நிமிடம்தானே, தமிழில் நானே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். சப்டைட்டிலை வைக்கும் எஸ்.ஆர்.டி. கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரு வரிசை எண், அடுத்த வரியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதற்கடுத்து வசனம், அப்புறம் ஒரு வெற்று வரி. நேரத்தை 00:01:12,500 என்று எழுத வேண்டும். நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி. நான் புள்ளி வைத்ததில் சில வரிகள் வரவே இல்லை.

முதல் தடவை ஓட்டியபோது தமிழுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. கோப்பைச் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற, தமிழ் எழுத்தும் அடங்கும் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுக்காததுதான் காரணம். அது ஐந்து நிமிட வேலை. அடுத்த வில்லங்கத்துக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

வீட்டுக் கணினியில் கச்சிதமாகப் பொருந்திய சப்டைட்டில், பள்ளியில் ஆரம்பத்தில் சரியாக வந்து, போகப்போகப் பின்தங்கியது. முடிவுக்கு வரும்போது பத்து நொடி வித்தியாசம். நண்டு குஞ்சைப் பிடித்து, குஞ்சு தப்பித்து, அலையும் வந்துவிட்டது. அதற்கப்புறம் "இதோ, நண்டு காத்திருக்கிறது" என்று வருகிறது. வகுப்பே உருண்டு சிரித்தது. ஒட்டுமொத்தமாக முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தேன். படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் அதற்கு விசை உண்டு, ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி. முடிவைச் சரிசெய்தால் ஆரம்பம் கெட்டது. அப்படியென்றால் நகர்வு இல்லை, நீளமே வேறு. பார்த்தால் வீட்டில் இருந்த பிரதி நொடிக்கு 24 சட்டகம் (வீடியோ என்பது வரிசையாக ஓடும் அசையாப் படங்கள்தான், அதில் ஒன்று ஒரு சட்டகம்), பள்ளியில் இருந்தது 25. 24 சட்டகப் படத்தை 25-ஆக ஓட்டினால் 240 நொடிப் படம் 230.4 நொடியில் முடிந்துவிடும். அந்த 9.6 நொடிதான் நம் நண்டு. எல்லா நேரத்தையும் 24/25 ஆல் பெருக்கியதும் பொருந்திவிட்டது.

எழுதுவதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பேச்சு முழுவதையும் தமிழாக்கி வைத்தால், பிள்ளைகள் படத்தின் கீழ் விளிம்பை மட்டும்தான் பார்ப்பார்கள். பாதியாகக் குறைத்தேன். மறுபடி பாதி. கடைசியில் நாலு நிமிடத்துக்குப் பதினான்கு வரி. அதற்கடுத்த வாரம் அதையும் எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒலியை அணைத்த நாள்

திட்டமிட்டதல்ல. ஸ்பீக்கரின் வயர் அறுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சத்தமில்லாமல் ஓட்டினேன். எனக்கு ஒரே பதற்றம், கலாட்டா ஆகப்போகிறது என்று. முதல் அரை நிமிடம் ஆகத்தான் செய்தது. அப்புறம் வகுப்பு பேச ஆரம்பித்தது, ஆனால் படத்தைப் பற்றி.

"கேமரா குஞ்சுக்கு முன்னாடி இருக்கு டீச்சர். அப்ப அது எந்தப் பக்கம் வரும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"இது வேற குஞ்சு. முதல்ல வந்ததுக்கு இடது கண்ணுல மணல் ஒட்டியிருந்துச்சு."

"துடைச்சிருக்கும்டா."

"கையாலயா?"

மறுபடி ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். 31:48-இல் மணல் இருக்கிறது. ஆறு நொடி கழித்து இல்லை. பின்னணிக் குரல் "இந்தக் குஞ்சு" என்று ஒருமையில்தான் நாலு நிமிடமும் பேசுகிறது. படத்தில் ஓடுவது குறைந்தது மூன்று குஞ்சுகள். காட்சி எத்தனை தடவை வெட்டி மாறுகிறது என்று ஒரு பெஞ்ச் எண்ணியது. 38 தடவை. அதாவது சராசரியாக ஆறு நொடிக்கு ஒரு வெட்டு. ஒரே ஓட்டமாகத் தெரிந்தது அத்தனை துண்டின் ஒட்டு.

அப்போதுதான் முதல் பெஞ்சில் இருந்து அந்தக் கேள்வி வந்தது. "ராத்திரிலதானே வெளிய வரும்னு நீங்க சொன்னீங்க. இதுல வெயில் அடிக்குதே?"

நான் சொன்னது சரிதான். கூட்டுக்குள் பொரிந்த குஞ்சுகள் பெரும்பாலும் மேல்மணல் குளிரும்வரை காத்திருந்து, இருட்டிய பிறகு கூட்டமாக வெளியே வரும். வெப்பத்துக்கும் பறவைகளுக்கும் தப்ப அது ஒரு வழி. வெளியே வந்ததும் தொடுவானில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல். கரையில் மின்விளக்கு எரிந்தால் அதையே கடல் என்று நினைத்துத் தரைப்பக்கம் போய்விடும். மேகமூட்டத்திலோ மழையில் மணல் குளிர்ந்தாலோ பகலிலும் சில கூடுகள் வெளிவருவதுண்டு. இவ்வளவையும் அன்றைக்கு நான் சொல்லவில்லை. "அப்படியானால் இது எத்தனை மணிக்கு எடுத்தது? படத்திலிருந்தே கண்டுபிடியுங்கள்" என்றேன்.

நிழல்! ஒரு பெண் அடிக்கோலோடு சுவருக்குப் போனாள். உறைந்து நின்ற படத்தில் குஞ்சின் உயரத்தை அளந்தாள், 6 செ.மீ. நிழல் 13 செ.மீ. அவள் சட்டையில் பாதிக் கடல், பின்னலில் ஒரு குஞ்சு. அப்படியே 33:10-க்குப் போனோம். உயரம் அதே 6 வருகிற மாதிரி ஒரு சட்டகத்தை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடிப் பிடித்தோம். நிழல் 3 செ.மீ. கேமரா நின்ற கோணம் மாறினால் அளவும் மாறும்தான், ஆனாலும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். திரையில் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. சூரியனுக்கு அது பல மணி நேரம், இல்லை வேறு நாள்.

வழியே போன இயற்பியல் ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், சவுண்டே இல்லாம சினிமா?" என்றார். அவரிடமே நிழல் கணக்கைத் தள்ளிவிட்டோம்.

ஸ்பீக்கர் வயரை அன்று மாலையே சரிசெய்துவிட்டேன். ஆனால் முதல் ஓட்டம் இப்போதும் ஊமைதான். குரல் வந்துவிட்டால் எங்கே பார்க்க வேண்டும், என்ன உணர வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது, பிள்ளைகளுக்கு வேலை மிச்சமில்லை. சப்டைட்டிலையும் அதனால்தான் எடுத்தேன். இரண்டாம் ஓட்டத்தில் ஒலியோடு காட்டும்போது, தங்கள் கண்டுபிடிப்போடு அந்தக் குரல் ஒத்துப்போகிறதா என்று சண்டைக்கு நிற்கிறார்கள்.

மணலில் குஞ்சின் காலடி "சரக் சரக்" என்று கேட்கிறதே, அதுவும் சிக்கியது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலிலென்ஸ் வைத்து எட்ட நின்று எடுத்தால் அந்த ஒலி மைக்குக்கு எட்டாது. இயற்கைப் படங்களில் இப்படிப்பட்ட ஒலிகள் பெரும்பாலும் பின்னால் அரங்கில் செய்து சேர்ப்பவை. பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோள மாவுப் பையை அழுத்துவார்கள், புல்லுக்குப் பழைய ஒலிநாடாவைக் கசக்குவார்கள். ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரல் நகத்தால் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் ஆமை அசல் ஆமையைவிட நன்றாக ஓடியது.

அப்போ எல்லாம் பொய்யா?

இந்த இடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் வகுப்புக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. எதைக் காட்டினாலும் "டூப்பு டீச்சர்." ஆமை கடலுக்குப் போவதே கிராஃபிக்ஸ் என்று ஒருவன் சாதித்தான். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களை, கண்ணை மூடிக்கொண்டு நம்பாதவர்களாக்கி வைத்திருந்தேன். இரண்டுக்கும் உழைப்பு ஒரே அளவுதான், பூஜ்ஜியம்.

சரி, அசல் பொய் எப்படி இருக்கும் என்று காட்டிவிடுவோம் என்று லெமிங் கதையை எடுத்தேன். 1958-இல் டிஸ்னி வெளியிட்ட ‘வைட் வில்டர்னெஸ்’ சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். அதில் லெமிங் என்ற எலி போன்ற சிறு விலங்குகள் கூட்டமாக ஓடிவந்து பாறை விளிம்பிலிருந்து நீருக்குள் குதிக்கும். உண்மையில் லெமிங்குகள் அப்படித் தற்கொலை செய்துகொள்வதில்லை. எண்ணிக்கை பெருகும்போது இடம்பெயரும், வழியில் சில சாகும், அவ்வளவே. அந்தக் காட்சியை எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில், கடலே இல்லாத மாகாணம். லெமிங்குகளை வேறு மாகாணத்திலிருந்து விலைக்கு வாங்கிவந்தார்கள். பனி பரப்பிய சுழல்மேடையில் ஓடவிட்டுப் பெரிய கூட்டம் போலக் காட்டினார்கள். விளிம்பிலிருந்து ஆற்றுக்குள் தள்ளியும் விட்டார்கள். 1980-களில் கனடியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதை வெளிக்கொண்டுவந்தது.

வகுப்பு கொதித்துவிட்டது. அந்தக் கொதிப்பிலேயே அடுத்ததையும் வைத்தேன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்து 1922-இல் வெளியான ‘நானூக் ஆஃப் த நார்த்’, கனடாவின் வடக்கே வாழும் இனூயிட் மக்களில் நானூக் என்ற வேட்டைக்காரரின் குடும்பத்தைப் பற்றிய படம். பனிவீட்டுக்குள் குடும்பம் தூங்கி எழும் காட்சி அதில் உண்டு. அன்றைய கேமராவுக்கு அந்த இருட்டு போதாது. அதனால் ஒரு பக்கச் சுவரே இல்லாத பனிவீடு ஒன்றைக் கட்டி, அதில் அவர்களைப் படுக்கவைத்து எடுத்தார்கள். நானூக் என்பதும் அந்த வேட்டைக்காரரின் பெயர் இல்லை, அல்லாகரியல்லாக் என்பதுதான் பெயர். இது லெமிங் மாதிரியா, இல்லையா?

ஒரு பீரியட் முழுக்க சண்டை. சுவரை எடுத்தது பரவாயில்லை, அவர்கள் பனிவீட்டில் தூங்குவது நிஜம்தானே என்று ஒரு கட்சி. பெயரை மாற்றியது தப்பு என்று இன்னொரு கட்சி. அந்தக் காலத்திலேயே அவர்கள் துப்பாக்கி வைத்திருந்தும், படத்துக்காகப் பழைய மாதிரி வேட்டையாடச் சொன்னார்கள் என்று நான் எடுத்துக்கொடுத்ததும் முதல் கட்சியில் பாதிப் பேர் இந்தப் பக்கம் தாவினார்கள். நம் ஆமைப் படம் எங்கே நிற்கிறது? மூன்று குஞ்சை ஒன்றாக்கியது சரி, பகலைக் காட்டியதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். கிராஃபிக்ஸ் கட்சி தனித்து நின்றது. ஆதாரம் கேட்டார்கள், அவனிடம் இல்லை.

பாட்டில் படம்

பின்னணிக் குரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட, குரலே இல்லாத படம் ஒன்று தேவைப்பட்டது. டச்சு இயக்குநர் பெர்ட் ஹான்ஸ்ட்ராவின் ‘கிளாஸ்’, 1958. சுமார் பத்து நிமிடம், பேச்சே கிடையாது. ஒரு பக்கம் கன்னம் உப்ப ஊதிக் கண்ணாடிக் குடுவை செய்யும் மனிதர்கள், இன்னொரு பக்கம் வரிசையாகப் பாட்டில் தள்ளும் இயந்திரம். ஓரிடத்தில் ஒரு பாட்டிலின் கழுத்து உடைகிறது. இயந்திரத்துக்கு அது தெரியாது, பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்து உடைகின்றன, ஒரு ஆள் வந்து சரிசெய்யும்வரை.

அந்தப் பாட்டில் காட்சிக்கு இரண்டு அணிகள் வர்ணனை எழுதின. ஓர் அணிக்கு இயந்திரத்தைப் பாராட்டி எழுதச் சொன்னேன், இன்னொன்றுக்குக் கேலி செய்து. படம் ஓட ஓட நேரடியாக வாசிக்க வேண்டும். பாராட்டும் அணி உடையும் இடத்தில் திணறும் என்று நினைத்திருந்தேன். அதன் வர்ணனையாளர் அலட்டிக்கொள்ளாமல், "தவறுகளைக்கூட ஒரே சீரான வேகத்தில் செய்யும் திறன் கொண்டது" என்று வாசித்தான். அதே காட்சி, ஒரு சட்டகம்கூட மாறவில்லை.

இப்போது நடப்பது

பிள்ளைகள் தாங்களே மூன்று நிமிடப் படம் ஒன்று எடுக்கிறார்கள். பள்ளிக் குழாயில் தண்ணீர் வீணாவதைப் பற்றி, ஒரு கைபேசியில். முதல் நாள் எடுத்ததில் குழாயைத் திறந்துவிட்டுப் போகும் சின்னப் பையன் அழகாக வந்திருந்தான், ஆனால் படப்பிடிப்பாளரின் விரல் லென்ஸை மறைத்துவிட்டது. இரண்டு நாள் காத்திருந்தார்கள். கேமரா நிற்பதைப் பார்த்து எல்லோரும் குழாயை ஒழுங்காக மூடிவிட்டுப் போனார்கள்.

"அவனையே கூப்பிட்டு இன்னொரு தடவை திறந்துவிட்டுப் போகச் சொல்லலாமா டீச்சர்?"

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து "லெமிங்!" என்று ஒரு குரல். இன்னொன்று, "டேய், இது பனிவீடுதான்." அரை மணி நேரம் போனது. திறந்துவிட்டுப் போனது நிஜம், நாம் அதைப் பார்த்தோம், ஆகவே மறுபடி எடுக்கலாம். ஆனால் அதைப் படத்தில் எழுதிச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்ப்பு.

"இக்காட்சி மறுபடி எடுக்கப்பட்டது" என்ற வரியைக் கீழே போட்டிருக்கிறார்கள். நேற்று புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தோம். எழுத்து சின்னது, மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் தெரியவில்லை. பெரிதாக்கினால் பையனின் முகத்தை மறைக்கிறது. மேலே கொண்டுபோனால் குழாயை மறைக்கிறது. இன்றைக்கு மதியம் அந்த வேலைதான்.